குழாயடியில் பதினொரு நாள்

பகலில் நித்திரை கொள்கிறவனுக்கு முதலில் வேண்டியது தடித்த திரைச்சீலை. ஓக்லண்டில், மவுண்ட் ரோஸ்கிலில் நான் இருந்த வாடகை வீட்டில் அது இல்லை. பகல் முழுவதும் அரை நித்திரைதான். தொலைபேசி என் அறைக் கதவுக்கு வெளியே இருந்தது. அடித்தால் நான்தான் எடுப்பேன். கடிதப் பெட்டியையும் நான்தான் பார்ப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்று வரக்கூடாது.

என் பெயர் மேர்வின். பதினாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். பல்கலைக்கழகத்தில் வணிகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, போவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். 1998இல் எனக்கு இருபத்தாறு வயது, பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை.

முன் அறையில் ரவிசங்கரும் அவர் மனைவி தமயந்தியும் இருந்தார்கள். திருச்சிக்காரர்கள். அவர் ஒரு வருட டிப்ளோமா படிக்க வந்து முடித்திருந்தார். காலையில் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் சாமான் வாங்குகிறவர்கள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்ப்பார். தமயந்தி ஹில்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். ஒக்டோபர் முடிவில் விசா முடியும். அதற்குள் படிப்புக்கேற்ற வேலைக் கடிதம் ஒன்று கிடைத்தால் நிரந்தரமாக இருக்கக் குடிவரவுத்துறை கேட்கும் புள்ளிகள் சரியாகிவிடும். திருச்சியில் பெரியம்மாவோடு விட்டுவந்த நாலு வயது மகள் தாரிணியைக் கூப்பிடலாம். பிள்ளை பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது என்று தமயந்தி ஒருநாள் அரிசி கழுவிக்கொண்டே சொன்னார். நான் ஓம் என்றேன்.

ஜூலையில் ரவிசங்கருக்கு நகரத்தில் ஒரு கன்சல்டிங் நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கடைகள் சரக்கு எடுக்க உதவும் ஒரு மென்பொருளை அவர்கள் செய்திருந்தார்கள். அதைக் கவனிக்க ஒரு புரொடக்ட் மனேஜர் தேவை. ஒரு பொருளை யார் வாங்குகிறார்கள், அதில் என்ன குறை, அடுத்து எதை மாற்றுவது என்று தீர்மானிக்கிற வேலை. திருச்சியில் ஒரு சலவைப் பொருள் கம்பெனியில் ஆறு வருடம் அவர் அதைத்தான் செய்தார்.

“மேர்வின், இங்க எப்படிக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க இங்கயே வளர்ந்தவர். தினம் நாலு மணிக்கு அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேளுங்களேன்.”

நான் சம்மதித்தேன். நேர்முகத் தேர்வு பற்றி நூலகத்திலிருந்து ஒரு புத்தகமும் கொண்டுவந்தார். அதை நான் இரண்டு இரவில், வேலை இடைவேளைகளில், படித்து முடித்தேன்.

முதல் நாள் கேட்டது எனக்கு நல்ல நினைவு.

“ஓக்லண்டில வருசத்துக்கு எத்தினை குடை விக்கும்?”

“முதல்ல நான் ஒண்ணு கேக்கணும். இங்க காத்து குடையைத் திருப்பிப் போட்டுடுது. மழைக்காக வாங்குறாங்களா, போன வாரம் வாங்கினது உடைஞ்சதுக்காக வாங்குறாங்களா?”

“அண்ணை, கேள்விக்குத் திருப்பிக் கேள்வி கேட்டா இஞ்சை திமிர் எண்டு நினைப்பினம்.”

“அப்படியா? அப்போ பத்து லட்சம் பேர், ஆளுக்குப் பாதிக் குடைன்னு சொல்லிடவா?”

“ஓம். அதுதான் சரி.”

புத்தகத்தில் நேர்மாறாக இருந்தது. முதலில் கேள்வி கேள், பிறகு கணக்குப் போடு என்று தடித்த எழுத்தில் இருந்தது. அவரும் அதை வாசித்திருந்தார். அது அமெரிக்கர்களுக்கு எழுதியது என்றேன். நம்பினார்.

எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை. இருபத்தொரு வயதில் அப்படிப்பட்ட ஐந்து அலுவலகங்களுக்கு நானும் வேலை கேட்டு எழுதினேன். ஐந்தும் ஒரே பந்தியில், இடமில்லை என்று பதில் போட்டன. அந்த ஆட்களை எனக்குத் தெரியும். அடி வெளியில் விழுவதைவிட வீட்டில் விழுவது நல்லது. அதனால்தான் கடுமையாக இருந்தேன்.

அவரிடம் ஒரு கதை இருந்தது. அவருடைய கம்பெனி வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் விற்றது. விற்பனை விழுந்தது. நீலத்தின் தரம் சரியில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவர் பதினொரு நாள் திருச்சியில் தெருக் குழாயடிகளில் நின்று பெண்கள் துணி அலசுவதைப் பார்த்தார். பார்க்கிற ஆள் யார் என்று சந்தேகப்பட்டு ஒருத்தி அரை வாளி தண்ணீரை இவர்மேல் ஊற்றினாள். பிழை நீலத்தில் இல்லை, மூடியில். பெண்கள் மூடியை ஆணியால் துளைத்தார்கள். துளை பெரிதானால் வெள்ளைச் சட்டை திட்டுத்திட்டாக நீலமாகும். ஊசிமுனைத் துளையோடு புது மூடி போட வைத்தார். எட்டு மாதத்தில் விற்பனை இரண்டு மடங்கு.

நல்ல கதை. முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரிந்தது, இது ஒன்று போதும்.

“அண்ணை, இதில எத்தினை தரம் ‘நான்’ எண்டு சொன்னீங்கள் தெரியுமோ? ஒன்பது. இஞ்சை தற்பெருமை துண்டா ஆகாது. ‘நாங்கள்’ எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி இந்தக் கதையை விடுங்கோ.”

“ஆனா நின்னது நான்தானே.”

“அது உங்களுக்குத் தெரியும். போதும்தானே.”

இதில் பொய் இல்லை. இந்த நாட்டில் தன்னைத் தானே தூக்கிப் பேசுகிறவனை யாருக்கும் பிடிக்காது. நான் சொன்ன எல்லாவற்றிலும் பாதி உண்மை இருந்தது.

நாலு வாரத்தில் அவர் நன்றாக மாறிவிட்டார். கேள்வி கேட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்ப்பார். ஒருநாள் தமயந்தி தேநீருக்குச் சீனி ஒன்றா இரண்டா என்று கேட்டார். “உனக்கு எது வசதியோ,” என்றார் ரவிசங்கர். “உங்க வாய்க்கு என்ன வேணும்னுகூடவா நான் சொல்லணும்?” என்று தமயந்தி கரண்டியை மேசையில் போட்டார். நான் என் தேநீரைக் குடித்தேன்.

ஓகஸ்ட் நடுவில் தேர்வுக்குப் போய் வந்தார். டையைக்கூடக் கழற்றாமல் என் கதவைத் தட்டினார்.

“சாரி மேர்வின். நீங்க சொன்னது எல்லாம் மறந்துபோச்சு. ஒரு அம்மா கேட்டாங்க, வாய் தானா நீலக் கதையைச் சொல்லிடுச்சு. முழுக்க நான் நான்னுதான். நாலு கேள்வி திருப்பி வேற கேட்டுட்டேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நிறுவனத்துப் பெண். இரண்டாவது சந்திப்புக்கு வரவேண்டும், பெரும்பாலும் சம்பிரதாயம்தான் என்றார். என் ஆங்கிலம் இங்கேயே வளர்ந்த ஆங்கிலம். நான் வீட்டுக்காரன் என்றேன். ரவிசங்கர் குடும்பக் காரணத்துக்காக இந்தியா திரும்புகிறார், விண்ணப்பத்தை விலக்கிக்கொள்கிறார், சொல்லச் சொன்னார் என்றேன். அந்தப் பெண், நாங்கள் பார்த்தவர்களில் அவர்தான் சிறந்தவர், அவரிடம் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை அதை உறுதிப்படுத்திக் கடிதமும் வந்தது. நாற்பது வினாடியில் முடிந்த வேலைக்கு அவர்கள் தாள் செலவழித்திருந்தார்கள்.

தொலைபேசி வந்த செவ்வாயே நாலு மணிக்கு ரவிசங்கரிடம், கூப்பிட்டார்கள், இரண்டாவது சுற்று இருக்கிறதாம், திகதி பிறகு சொல்வார்களாம் என்றேன். அவர் அழுதார். பிறகு புத்தகத்தை எடுத்து வந்தார். நாங்கள் தொடர்ந்தோம். இல்லாத தேர்வுக்கு ஒன்பது வாரம் பயிற்சி கொடுத்தேன். ஒருநாளும் பிந்தவில்லை.

செப்டம்பரில் ஹில்ஸ்பரோவில் மரத்தளபாடக் கடை வைத்திருந்த இரத்தினசிங்கம் அவருக்கு விற்பனை மேலாளர் வேலை தர முன்வந்தார். கடிதமும் தருவதாகச் சொன்னார். விசாவுக்கு அது போதுமாயிருந்திருக்கும். ரவிசங்கர் என்னிடம்தான் கேட்டார். கன்சல்டிங்காரருக்குத் தெரிந்தால் மதிப்புக் குறையும் என்றேன். அவர் வேண்டாம் என்று எழுதிப் போட்டார்.

தமயந்திதான் பொறுமை இழந்தார். “தம்பி, இவரே ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன?”

“அக்கா, இஞ்சை அப்பிடிக் கேட்டா அவசரக்காரன் எண்டு நினைப்பினம்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டுமே,” என்றார். ஆனால் ரவிசங்கர் தலையை ஆட்டினார். மேர்வினுக்குத் தெரியும் என்றார்.

ஒக்டோபர் இருபத்தெட்டு அவர்களை விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். தமயந்தி என்னோடு பேசவில்லை. ரவிசங்கர் தன் பயிற்சிக் கொப்பியை என்னிடம் தந்தார். தொண்ணூற்றாறு பக்கம், கேள்வியும் பதிலும். என் திருத்தங்களைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

“நம்ம ஆளுங்க வேற யாராவது வந்தா சொல்லிக் குடுங்க. நம்ம… நாங்க சரியா பண்ணல. உங்க மேல தப்பில்ல.”

தன்னைப் பற்றித்தான் சொன்னார். ‘நான்’ என்ற சொல் அவருக்கு வரவில்லை. அங்கே போய் அந்த வேலையில் உடைவதைவிட இது நல்லது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஒரு மனிதனைக் காப்பாற்றினேன்.

பெப்ரவரியில் அந்தக் கன்சல்டிங் வேலை மறுபடி பத்திரிகையில் வந்தது. விண்ணப்பத்தில் இரண்டு வருடம் படித்தேன் என்று எழுதினேன், முடித்தேன் என்று எழுதவில்லை. கூப்பிட்டார்கள். அதே பெண்மணி இல்லை, இரண்டு ஆண்கள். முதல் கேள்விக்கு மூன்று கேள்வி திருப்பிக் கேட்டேன். பிறகு, நீங்களே கண்டுபிடித்துத் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றார்கள்.

பதினொரு நாள் நான் ஒரு குழாயடியில் நின்றேன் என்று தொடங்கினேன். தண்ணீர் ஊற்றிய இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். ரவி அண்ணை அந்த இடத்தில் எப்போதும் அவசரப்படுவார். நான் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன்.