லாரியில் ஏற்றாத முப்பத்திரண்டு புத்தகங்கள்

பாப்பு, உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். என் வாக்குமூலத்தை எழுதுகிற போலீஸ் அம்மா, "இது வேணுமாம்மா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

மேலே உள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது ஐம்பத்தெட்டு. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். உயர்நிலைப் பள்ளியில் துப்புரவு வேலை. அதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இலக்கியம் நடத்திய டீச்சர் என் மகள் பாப்பு. போன மாதம் காய்ச்சலில் விழுந்து ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அவள் வருடாவருடம் ஒரு பழைய நாவலை நடத்துவாள். அதில் எங்களைப் போன்ற கறுத்த தோல்காரர்களை ஒரு கேவலமான வார்த்தையால் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் முறை வைத்து வாசிக்கும்போது அந்த வார்த்தை வந்தால், அதைச் சொல்லாமல் மேஜையில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே வாசிக்க வேண்டும். வராந்தாவைத் துடைக்கும்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். "என்னடி, தச்சுப் பட்டறையா நடத்துற?" என்று ஒருநாள் கேட்டேன். "வாயால சொல்ல வேணாம்மா. ஆனா அது அங்க இருக்குன்னு தெரியணும்" என்றாள்.

அதன் பிறகு ஒரு மாணவனின் அப்பா, வீட்டில் பேசாத வார்த்தையைப் பள்ளியில் படிக்கவைக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். மகள் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. அவள் போன பிறகு தலைமையாசிரியர் அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர் லாரியில் ஏற்றச் சொன்னார். "நீங்க செய்ய வேணாம்மா, வேற ஆளைச் சொல்றேன்" என்றார். "என் வேலை சார், நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

அதன் பிறகு முப்பத்திரண்டு புத்தகங்களையும் துடைப்ப வண்டியில் அடுக்கி, காய்ந்த துணியாகப் பார்த்து மூடி, பின்பக்க கேட் வழியாகத் தள்ளிக்கொண்டு போனேன். வாட்ச்மேன், "என்னக்கா, வண்டி முனகுது?" என்றார். "நிறையப் படிச்சிடுச்சு" என்றேன். அவருக்கு இதில் பங்கில்லை.

அதன் பிறகு வீட்டில் மகளுடைய பிரதியை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்த வார்த்தை முதன்முதலில் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "இதே வார்த்தை. அம்மா இஸ்திரி போட்ட வீடு. எனக்கு ஏழு வயசு." அந்த வீட்டுக்காரர் என்னை அப்படிக் கூப்பிட்டது உண்மை. அதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது பாப்பு துணிமூட்டை மேல் படுத்திருந்தாள்.

புத்தகங்களை எடுத்தது நான்தான். திருட்டு என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வகுப்பில் வாசிக்க என்றால் அதே வண்டியில் நானே தள்ளிக்கொண்டு வந்து தருகிறேன். லாரிக்கு என்றால் ஒன்றுகூடத் தரமாட்டேன். ஜட்ஜ் ஐயா கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னேன்.

பாப்பு, அன்றைக்கு நீ தூங்கவில்லையா?