ரவுட்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது குறித்து

என் பெயர் ராசாத்தாள். வயது 60. க/பெ. அரங்கசாமி. துடியலூர் இரயில் நிலையத்துக்குப் பின்புறம் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆய்வாளர் ஐயா கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுதுகிறேன். நான் வாயால் சொல்லும்போது உதாரணங்கள் அதிகம் வருவதாகவும், ஏட்டையாவால் தொடர்ந்து எழுத முடியவில்லை என்றும் ஐயா சொன்னார். இயன்றவரை குறைத்துக்கொள்கிறேன்.

புகார் கொடுத்துள்ள தனபால் என்னிடம் படித்தவர். இப்போது துடியலூரில் அக்ஷயா கலர் டிசைன்ஸ் என்ற நிறுவனத்தை நடத்துகிறார். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் துணியில் அச்சடிக்கும் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அங்கே தொழில். நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் என் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றேன். அதற்கு அவர், “தெரிய வேண்டாமுங்க டீச்சர். கண்ணு எடுக்காம பாக்கோணும், அவ்வளவுதானுங்க. பரீட்சை ஹால்ல நீங்க பாக்கற பார்வைக்கு நான் ஒரு நா பென்சில்கூட இரவல் கேட்டதில்லீங்களே” என்று சொன்னார். மறுநாளே வேலைக்குப் போனேன்.

அந்த அறையில் ஓர் இரும்புச் சட்டத்தில் டிஸ்க் அலமாரிகள் உள்ளன. டிசைன்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கும். அந்த அலமாரிகளை டிசைன் கம்ப்யூட்டரும் கணக்குக் கம்ப்யூட்டரும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் நடுவில் ரவுட்டர் என்ற பெட்டி இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும். போத்தனூர் ஜங்ஷனில் பாலக்காட்டு வண்டியையும் பொள்ளாச்சி வண்டியையும் வேறு வேறு தண்டவாளத்தில் பிரித்து அனுப்புவது போல. இந்த உதாரணம் தேவையா என்று ஐயா கேட்டார். எழுதியதை அடிக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

பெட்டியை அமைத்தவர் மதிவதனி. வயது 26. அந்தியூர்ப் பக்கம் விவசாயக் கூலி வேலை செய்யும் மயில்சாமி என்பவரின் மகள். பெட்டியின் முகத்தில் மேலே ஒரு துளையும் கீழே ஒரு துளையும் உண்டு. மேல்துளை வழியாக வரும் கம்ப்யூட்டருக்கு டிசைன் டிஸ்க்குகள், கீழ்த்துளை வழியாக வரும் கம்ப்யூட்டருக்குப் பழைய வருடக் கணக்கு டிஸ்க்குகள் என்று அவர் அமைத்திருந்தார். இரண்டு துளைகளிலும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி இழைக் கேபிள் மாட்டியிருக்கும். கேபிள்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். துளைக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தால் நல்லது, மஞ்சள் என்றால் தன்னைக் கூப்பிட வேண்டும், ஒன்றுமே எரியாவிட்டால் ஓடிவந்து கூப்பிட வேண்டும் என்று மதிவதனி எனக்குச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே கவனித்து வந்தேன்.

அதன் பிறகு இந்த மாதத் தொடக்கத்தில், பெங்களூரில் வேலை கிடைத்திருப்பதாகவும் 25ஆம் தேதி திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும் என்றும் மதிவதனி தனபாலிடம் சொன்னார். அப்போது நானும் அறையில் இருந்தேன். தனபால், “ஆர்டர் குமியற நேரத்துல போறேங்கற. நீ போயிட்டா இந்தப் பொட்டியை ஆரு பாக்கறது, மாரியாத்தாளா?” என்று கோபப்பட்டார். மதிவதனி, “டீச்சர் பாக்கறாங்களேங்க” என்றார். தனபால், “டீச்சர் பாப்பாங்க. பொட்டி டீச்சரைப் பாக்குமா?” என்றார். மதிவதனி சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். தனபால் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சைத்தான் சண்டை என்றும், அந்த ஆத்திரத்தில் மதிவதனி டிசைன்களை அழித்தார் என்றும் புகாரில் எழுதியிருப்பதாக அறிகிறேன். நான் பார்த்தது மேலே எழுதியவாறுதான்.

அதன் பிறகு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலையில் மதிவதனி எல்லாக் கம்ப்யூட்டர்களையும் முறைப்படி நிறுத்திவிட்டு, கடைசியாகப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, பூஜைக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினார். நிறுத்தும்வரை டிசைன்கள் இருந்தன. டிசைன் வரைபவர்கள் அன்று மதியம்வரை வேலை செய்து, இனிப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆயுத பூஜையன்று காலையில் தனபாலும், அவருடைய தாயார் சாமியாத்தாளும், கணக்கர் திருமூர்த்தியும் நானும் இருந்தோம். சாமியாத்தாள், “வருசம் பூரா ஓடுன மிசினு. மேலால தொடச்சா ஆகுமா? கழட்டி நல்லாத் தொடைங்க” என்றார். தனபால் இரண்டு கேபிள்களையும் உருவி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைச் சட்டத்திலிருந்து இறக்கித் தரையில் வாழை இலை மேல் வைத்து, அப்பா காலத்து மோட்டார் பம்ப்செட்டுக்குச் செய்வது போலவே மூலை முடுக்கெல்லாம் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். துளைகளுக்குள் சந்தனம் போய்விடாமல் விரலால் மறைத்துக்கொண்டு வைத்தார். இவ்வளவு பதமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பள்ளியில் இவருடைய மேப் நோட்டில் கடல் எப்போதும் கோட்டைத் தாண்டித் தரைக்கு வந்திருக்கும். அதன் பிறகு பெட்டியைச் சட்டத்தில் ஏற்றி, கேபிள்களை மாட்டினார். எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்று தனபாலே எல்லாவற்றின் சுவிட்சையும் போட்டார். நான் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. “பச்சைங்களா டீச்சர்?” என்று தனபால் கேட்டார். “பச்சைதான் கண்ணு” என்றேன். இதை ஐயா அடிக்கோடிடச் சொன்னார், இட்டிருக்கிறேன்.

அதன் பிறகு திருமூர்த்தி கணக்குக் கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் திரையைத் திறந்தார். புது டிஸ்க்குகள் வந்திருப்பதாகவும், அவற்றில் அடையாளம் எழுதலாமா என்றும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. எஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. திருமூர்த்தி தயங்கி, “புது டிஸ்க்கு நாம வாங்கவே இல்லீங்களே. மதிவதனி வரட்டுமுங்களா?” என்று கேட்டார். தனபாலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாருங்க டீச்சர், பூசை போட்டதும் எடம் பெருகியிருக்குது” என்றார். பிறகு திருமூர்த்தியிடம், “நல்ல நாளும் அதுவுமா நோ எதுக்கு? எஸ்ஸே போடு” என்றார். அந்தக் கம்ப்யூட்டர் மேலும் சில கேள்விகள் கேட்டது. சுத்தம் செய்யலாமா என்பது அதில் ஒன்று. சுத்தம் என்றதும் பூஜை வீட்டில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எல்லாவற்றுக்கும் எஸ் போடப்பட்டது. சாமியாத்தாள் பொரி கடலை கொடுத்தார். டிசைன் வரைபவர்களுக்கு அன்று விடுமுறை என்பதால் டிசைன் கம்ப்யூட்டரை யாரும் பார்க்கவில்லை. கணக்கருக்கு அன்றாட வேலை அவருடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். பழைய வருடக் கணக்கை அன்று அவர் தேடவில்லை.

அதற்கு அடுத்த நாள் டிசைன் வரைபவர்கள் வந்து உட்கார்ந்தபோது டிசைன்கள் எதுவுமே இல்லை. நகல் எடுக்கும் டேப் கருவி பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்ததால், திருப்பூர்க்காரர்களுக்குத் தர வேண்டிய புது டிசைன்கள் வேறு எங்கும் இல்லை. சற்று நேரத்தில் மதிவதனி அந்தியூரிலிருந்து வந்து சேர்ந்தார். பெட்டியைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். “மேல இருக்க வேண்டியது கீழ இருக்குதுங்க. ஆரு கழட்டுனாங்க?” என்று கேட்டார். தனபால், “பூசைதான் போட்டோம். வேறொண்ணும் பண்ணுல” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இருவரும் உரக்கப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கம்பெனி டிசைன்களில் வேண்டியதை மதிவதனி பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டார் என்று தனபால் சொன்னார். அன்று மாலையே புகார் கொடுத்தார்.

இன்று காலை இந்தக் காவல் நிலையத்துக்கு வரும் வழியில் தனபால் என்னிடம், “பூசை விசயத்தை எழுதோணுமுங்களா டீச்சர்? பூசையாலதான் நட்டமாச்சுன்னு தெரிஞ்சா அம்மா சோறு திங்க மாட்டாங்க” என்று கேட்டார். என்னை அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார் என்றும் சொல்ல முடியாது. வழக்குப் பதிவானால் மதிவதனியைப் பெங்களூரில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வெளியே வராந்தாவில் அவர் அழுதுகொண்டிருந்தார். நான் இரண்டு பேரையும் பார்த்துக் குழம்பிப்போய்த்தான் உள்ளே வந்தேன்.

ஐயா என்னிடம், “ஏம்மா டீச்சர், பச்சை எரிஞ்சா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படித் தப்பாகும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. அறையில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்தவள் நான். என் கண்ணெதிரே ஒரு தவறும் நடக்கவில்லை. ஆனால் தவறு நடந்துவிட்டது. எழுந்து வராந்தாவுக்குப் போய் மதிவதனியிடம் கேட்டேன். கேபிளில் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் பச்சை சொல்லும், மறுமுனையில் இருப்பது யார் என்று அது சொல்லாது என்றார்.

அப்போதுதான் எனக்குப் பரீட்சை ஹால் நினைவு வந்தது. இந்த ஓர் உதாரணத்துக்கு மட்டும் ஐயா அனுமதி தந்தார். இரண்டு மாணவர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டால், இரண்டு பேரும் தலை குனிந்து அமைதியாக எழுதிக்கொண்டிருப்பார்கள். மேற்பார்வை செய்பவர் நின்று பார்த்தால் ஹால் ஒழுங்காகவே இருக்கும். ஒருவனுடைய விடைத்தாளில் இன்னொருவன் எழுதிக்கொண்டிருப்பது முகம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். நான் விளக்கைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தெரியாது. மேல்துளையில் கணக்குக் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அந்தத் துளைக்கு உரிய டிசைன் டிஸ்க்குகளைப் பெட்டி அதற்குக் காட்டியது. அவற்றைப் புது டிஸ்க்குகள் என்று எண்ணித்தான் அந்தக் கம்ப்யூட்டர் சுத்தமாகத் துடைத்துவிட்டது. மதிவதனி அமைத்தபடியேதான் பெட்டி நடந்துகொண்டது. டிசைன்கள் அழிந்த நேரத்தில் மதிவதனி அந்தியூரில் இருந்தார். யார் மேல் தப்பு என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் மேல் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இதுவரை எழுதி முடித்ததும் ஐயா எல்லோரையும் உள்ளே அழைத்து, என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்த பின் நடந்ததையும் சேர்த்து எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

தனபால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பரீட்சை ஹால் உதாரணத்தை நான் படித்து முடித்ததும், “அப்ப பூசையால ஒண்ணும் கெடலீங்களா டீச்சர்?” என்றார். “இல்லை கண்ணு. திருப்பி மாட்டுனதுல மாறிப்போச்சு” என்றேன். “அம்மாகிட்ட இப்படியே சொல்லலாமுங்களா?” என்றார். நானே வந்து சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் எழுந்து ஐயாவிடம், “கழட்டுனதும் நாந்தானுங்க சார், மாட்டுனதும் நாந்தானுங்க. புகாரைத் திருப்பி வாங்கிக்கறனுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மதிவதனியைப் பார்த்து, “அம்மணி, பெங்களூரு போறதுக்குள்ள ஒருக்கா வந்து, எது மேல எது கீழன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிரு” என்றார்.

மதிவதனி, “சொல்லித் தாரனுங்க. மொதல்ல எங்கப்பனை உக்காரச் சொல்லுங்க” என்றார்.

நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மயில்சாமி கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் காலையில் இங்கே வந்தபோதும், வராந்தாவில் பெஞ்சு காலியாகக் கிடக்க, அவர் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார். உட்காரக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தனபால் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். “உக்காருங்க” என்றார். மயில்சாமி, “இருக்கட்டுமுங்க, பரவால்லீங்க” என்றார். தனபால் பெஞ்சைக் கையால் தட்டி, “உக்காருங்கண்ணா” என்றார். மயில்சாமி மகளைப் பார்த்தார். அதன் பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இதில் எழுதியவை நான் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையும் மட்டுமே. புரியாததைப் புரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டி, எல்லாம் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. ராசாத்தாள்
துடியலூர், 22-10-1999