உடம்பின் சுவரை அடுப்பில் வைக்க விடாதவருக்கு

கேரியோ பள்ளத்தாக்கின் விளிம்பில், காற்று மெலிந்து கால்கள் வலுக்கும் கெப்சிரோ மேட்டில், இருபத்தாறு ஆண்டுகள் விடியலுக்கு முன்னெழுந்து விசிலோடு நின்ற வித்தகியே. ஓடத் தெரிந்தவர்க்கு உண்ணவும் தெரியவேண்டும் என்று ஓயாது உரைத்த உரிமைத்தாயே. ஊரார் பெற்ற பெண்களை உன்னிப்பாய்ப் பார்த்து உருவாக்கிய உறுதியின் உறைவிடமே. கெப்சிரோ ஓட்டப் பயிற்சி முகாமின் தலைமைப் பயிற்சியாளர், அம்மையார் ரோடா ஜெமுதாய் அவர்களே,

இன்று பணி நிறைவுபெறும் உங்களுக்கு, முகாமின் சமையற்கட்டும் சலவைத்தொட்டியும் ஓடுதளமும் ஒன்றுகூடி எழுதிய மடல் இது. உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே அரிது, இன்றைக்காவது உட்காருங்கள்.

உங்களுக்கு முன்பும் இங்கே பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். காலை ஓட்டம் முடிந்து வியர்வை உலர்வதற்குள் பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்த தேநீர் எல்லார் கையிலும் வந்ததா, மாலையில் மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலிக் களி மலையாய் வந்து மணலாய்க் கரைந்ததா என்று பார்த்தீர்கள். உண்ட மாவு உள்ளே போய்ச் சர்க்கரையாகும்; செலவு போக மிஞ்சியதைத் தசையும் ஈரலும் முடிச்சாய் முடிந்து வைத்துக்கொள்ளும்; மூளைக்கோ அந்தச் சர்க்கரைதான் அன்றாடச் சோறு. நெடுந்தூர ஓட்டத்தின் கடைசியில் கால் கல்லாகிறதே, கண் மங்குகிறதே, அது கோழைத்தனமன்று, முடிச்சு தீர்ந்த கதை என்று நீங்கள் சொன்ன பிறகுதான், வழியில் விழுந்தவனைக் கேலி பேசுவதை எங்கள் பையன்கள் விட்டார்கள்.

வேலியோரம் மேயும் பசுக்களைக் காட்டி இன்னொன்றும் சொல்வீர்கள். அவை தின்னும் புல்லும் மாவுக்குப் பங்காளிதான்; நம் வயிற்றால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது, பசுவின் வயிற்றுக்கு அது முடியும். அதனால்தான் புல்லை அதனிடம் கொடுத்துவிட்டுப் பாலை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பீர்கள். அதைக் கேட்டபின் பசுவின் முன் கொஞ்சம் பணிவாய் நடக்கிறோம்.

கொழுப்பின் கதையை நீங்கள் எடுத்தாலோ, எங்கள் சமையற்காரர் ஆரோன் செபோய் அகப்பையைக் கீழே வைத்துவிடுவார். ஒருநாள் அவரே கேட்டார்.

“கோச், மாவுதான் ஓட வைக்குதுன்னா இந்தக் கொழுப்பு எதுக்கு? சும்மா முதுகுல ஏறின மூட்டைதானே?”

“செபோய், உங்க வீட்டுச் சுவரு எதுல கட்டினது?”

“மண்ணும் மரக்கழியும்.”

“மழைக்காலத்துல விறகு தீர்ந்துபோச்சு. அந்தக் கழியை உருவி எரிப்பீங்களா?”

“என் பொண்டாட்டி என்னைத்தான் எரிப்பா.”

“அவ்வளவுதான் பாடம். சாப்பாட்டைப் போடுங்க.”

அவ்வளவுதான் பாடம் என்றீர்களே ஒழிய, அதை விரித்து விரித்துச் சொல்ல உங்களுக்கு அலுத்ததே இல்லை. மாவு சுள்ளி, சடசடவென்று பற்றும். கொழுப்பு கட்டை, நின்று நிதானமாய் எரியும். ஆனால் கட்டை மட்டுமன்று அது. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் அதுவே சுவர், நரம்புக்கு உறை, சிறுநீரகத்துக்கு மெத்தை, இந்த மேட்டுக் குளிருக்குத் தோலின் கீழே ஒரு போர்வை. பெண்ணுடம்பில் மாதத்தை ஒழுங்காய் வரவழைத்து, எலும்பையும் இறுக்கிக் காக்கும் சுரப்புகளை உடம்பு வடிப்பதும் கொழுப்பின் குலத்துப் பொருளிலிருந்துதான். ஓட்டத்துக்குத் தக்க உணவு வராவிட்டால் உடம்பு முதலில் அணைப்பதும் அந்தச் சுரப்புகளை வடிக்கும் உலையைத்தான்.

இதெல்லாம் பேச்சு. பேச்சை நீங்கள் செயலாக்கிய காலத்தை எழுதாமல் விட்டால், இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டியும் பயனில்லை.

மில்கா ஜெமெலி அப்போது பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேடேறி வந்த இளம்பெண். எங்கள் முகாமில் அவளைப்போல் ஓடியவள் அதற்குமுன் இல்லை. நைரோபியில் தேசிய அணிக்கான தேர்வோட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது; அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஜெயிப்பவர்கள் எல்லாம் ஒல்லி என்பதை ஜெமெலி கண்ணால் கண்டிருந்தாள். அதனால் ஒல்லியானால் ஜெயிக்கலாம் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். தன் பாலில் மிதந்த ஏட்டைப் பக்கத்துக் குவளைக்குத் தள்ளினாள். வெண்ணெய்ப்பழத்தைச் செபோயின் கோழிக்குப் போட்டாள். உகாலியைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்தாள். முதலில் வேகம் கூடத்தான் செய்தது. அந்தச் சந்தோஷத்தில் பசியே பழகிப்போனது. பிறகு அவளுக்கு மாதம் வருவது நின்றது. அதற்கு அவள் பயப்படவில்லை, பெருமைப்பட்டாள். ஏனென்றால் அந்நாளில் எங்கள் பெண்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. மாதம் நின்றால் பயிற்சி உடம்பில் பிடித்துவிட்டது, இனி பந்தயம் நம்முடையது என்று ஒருத்திக்கொருத்தி கையைப் பிடித்து வாழ்த்துவார்கள். எங்கிருந்து வந்த பேச்சோ, பல முகாம்களைச் சுற்றி வந்து எங்கள் கிணற்றடியிலும் உட்கார்ந்திருந்தது.

நடுப்பகலில், அடுப்பங்கரைச் சுவரோரம், இரண்டு மேற்சட்டை போட்டு வெயிலில் குறுகி உட்கார்ந்திருந்தவளை நீங்கள் பார்த்தீர்கள்.

“என்னடி, கோழி அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்க? காய்ச்சலா?”

“இல்ல கோச். குளிருது. இப்பல்லாம் எப்பவுமே குளிருது.”

“மாசம் ஒழுங்கா வருதா?”

கிணற்றடியில் துணி அலசிய பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஜெமெலி நிமிர்ந்தாள்.

“அது நின்னு ரொம்ப நாளாச்சு. நல்ல சேதிதானே கோச்? ஓட்டம் பிடிச்சிருச்சு.”

“யாருடி சொன்னது?”

“எல்லாரும்தான். போன வருஷம் ஜெயிச்சு வந்த அக்காவும் அதையேதான் சொன்னாங்க.”

“அந்த அக்கா இப்ப எங்க ஓடுறா?”

சிரிப்பு நின்றது. அந்த அக்கா இடுப்பெலும்பில் விரிசல் விட்டு, ஓட்டத்தை விட்டுவிட்டு ஊரோடு தங்கிவிட்டிருந்தாள். ஜெமெலி தன்னை அறியாமல் இடது கணுக்காலுக்கு மேலே தடவிக்கொண்டாள். அங்கே ஒரு வலி இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் கை சொல்லிவிட்டது.

மறுநாளே எல்டோரெட் மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனீர்கள். எக்ஸ்ரே படத்தில், கால் எலும்பின் குறுக்கே முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. ஓட்டமே கூடாது, உணவைப் பெருக்கவேண்டும், உடம்பு தேற ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம் என்றார் மருத்துவர்.

அடுத்து நடந்ததை எழுத, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் முகாமின் நிர்வாகக் குழுத் தலைவர் எசேக்கியேல் கிபியேகோ பொறுத்துக்கொள்ளவேண்டும். அவரும் நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார்.

“ரோடா, முடி கனத்துல ஒரு கோடு. அதுக்கு ஒரு வருஷமா? பொண்ணே ஓடறேங்குறா, நீ ஏன் குறுக்க நிக்குற?”

“இன்னைக்கு முடி கனம். பாதி ஓட்டத்துல அது கதவு மாதிரி திறந்துக்கும்.”

“தேர்வு போச்சுன்னா முகாமோட பேரு என்ன ஆகுறது?”

“பேருக்கு எலும்பு கிடையாது, உடையாது. இவளுக்கு இருக்கு.”

“அப்ப நான் வேற கோச்தான் பார்க்கணும்.”

“பாருங்க. அவர் வந்து சேர்ற வரைக்கும் இவ ஓட மாட்டா.”

உங்கள் வேலை அந்த ஒரு பேச்சில் தொங்கியது. ஜெமெலிக்கோ உங்கள் வேலை கண்ணில் படவேயில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம் நைரோபி ஒன்றுதான். தேர்வுக்கு முந்தின நாள் காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சாலைக்கு வந்து, நைரோபி வண்டியைப் பிடிக்க எல்டோரெட் போகும் மட்டாட்டுச் சிற்றுந்தில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தக்காளி விற்கிற அம்மாள் வந்து சொல்லி, நீங்கள் செருப்புக்கூடப் போடாமல் போனீர்கள். அவளைக் கையைப் பிடித்து இழுப்பீர்கள் என்று நாங்கள் நினைத்தோம். நீங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

“எல்டோரெட், எல்டோரெட்! அம்மா, ஏறுறீங்களா இல்லையா? நீங்க யோசிக்கிறதுக்குள்ள வண்டிக்கு வயசாயிடும்” என்றான் நடத்துநர் பையன்.

“இருப்பா, ஏற்கெனவே அதுக்கு வயசாயிடுச்சு” என்றீர்கள் அவனிடம். அவளிடம் குரலைத் தாழ்த்தினீர்கள். “ஜெமெலி, கீழ இறங்கு. ஒரே ஒரு தடவை. அந்தக் காலு மேல மட்டும் நின்னு நீயா ஒரு குதி குதிக்கலாம்னு உனக்கே தோணுச்சுன்னா, உன் பையை நைரோபி வரைக்கும் நானே தூக்கிட்டு வர்றேன். முடிவுக்கோட்டுக்கிட்ட நின்னு கையும் தட்டுறேன்.”

“தோணும்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

மோட்டார்சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தக்காளி அம்மாள் எடைபோடுவதை நிறுத்தினாள். ஜெமெலி வலது காலைத் தூக்கினாள். ஆட்டின் பின்னே பள்ளமும் பாறையும் தாண்டி வளர்ந்தவள் அவள். ஒரு குதி என்பது அவளுக்கு ஒரு தும்மல். முழங்கால் மடங்கியது. உடம்பு முழுதும் அந்த ஒற்றைக் கணுக்காலில் இறங்கியது. அப்போதுதான் அவள் முதன்முறையாகத் தன் எலும்பை உள்ளிருந்து கேட்டாள். அது அவளிடம் கெஞ்சியது. எவ்வளவு நாளாய்க் கெஞ்சியதோ, பெருமையின் சத்தத்தில் கேட்காமல் இருந்தது. தூக்கிய காலை மெல்லத் தரையில் வைத்தாள்.

“வண்டி போகட்டும்” என்றாள்.

அழுதுகொண்டே முகாமுக்கு நடந்தாள். நீங்கள் அவளுக்கு முன்னும் போகாமல், பின்னும் தங்காமல், கூடவே நடந்தீர்கள்.

தலைவர் வேறு பயிற்சியாளரைத் தேடத்தான் செய்தார். அப்போது செபோய் குழுவின் முன்னே போய் நின்று, “கோச் போனா என் அகப்பையும் போகும், அப்புறம் யாரு கிண்டுவீங்கன்னு முடிவு பண்ணிக்கங்க” என்றார். சலவைக்காரர்களும் காவற்காரரும் அவர் பின்னே போய் நின்றோம். பேச ஒன்றுமில்லை, நின்றோம், அவ்வளவுதான். குழுவுக்குப் பசி வந்தபோது வேறு கோச்சைத் தேடும் பேச்சு முடிந்தது.

அந்த ஆண்டு முழுதும் ஜெமெலியின் தட்டுக்கு எதிரே நீங்கள் அமர்ந்தீர்கள். அமர்ந்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். உகாலியும் அவரையும், முட்டையும் வெண்ணெய்ப்பழமும், ஏடு தள்ளாத பாலும், சுரைக்குடுக்கையில் புளித்த முர்சிக் தயிரும் வரிசையாய் வரும். “ஒடம்பு கனக்குது கோச்” என்பாள். “சுவரு எழும்புது. வீடுன்னா கனக்கத்தான் செய்யும். சாப்பிடு” என்பீர்கள். அவள் முதலில் குளிரை மறந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் ஓடுதளத்தின் ஓரத்தில் வந்து உங்கள் காதில் ஏதோ சொன்னாள். நீங்கள் பயிற்சியை நிறுத்தினீர்கள். அன்று மாலை எல்லாருக்கும் ஆட்டிறைச்சி. என்ன விசேஷம் என்று கேட்ட ஆண்பிள்ளைகளிடம், “ஒரு பந்தயம் ஜெயிச்சிருக்கோம், கேள்வி கேட்காம எலும்பைக் கடி” என்று மட்டும் சொன்னீர்கள். பெண்களுக்குத் தெரியும், எந்தப் பந்தயம் என்று. கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய நம்பிக்கை அன்றோடு எழுந்து போனது.

தேசிய அணியில் ஜெமெலிக்கு அதன்பின் இடம் கிடைக்கவேயில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம், நீங்களும் மறைத்ததில்லை. அந்த வாசல் அவளுக்கு ஒருமுறைதான் திறந்தது, அதை மூடியவர் நீங்கள். ஆனால் இரண்டு கால்களால் பல்லாண்டுகள் ஓடினாள். எத்தனையோ ஊர்களின் சாலைகளை மிதித்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். இன்று எங்கள் பெண்கள் பிரிவின் பயிற்சியாளராய் இதோ முன்வரிசையில் இருக்கிறாள்.

போன வாரம் நடந்ததை இங்கிருக்கும் பலர் அறியமாட்டார்கள். வரப்போகும் பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு சின்னப் பெண்ணை ஜெமெலி நிறுத்திவைத்தாள். காரணம் நீங்கள் கற்றுக்கொடுத்த அதே காரணம். அந்தப் பெண்ணின் வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். குழுவிலிருந்தும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஜெமெலி வாடிய முகத்தோடு உங்களிடம் வந்தாள்.

“கோச், அவ என்னை எதிரி மாதிரி பார்க்குறா.”

“பார்க்கட்டும். சாப்பிடுறாளா?”

“சாப்பிடுறா. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சாப்பிடுறா.”

“முதுகுதானே. தட்டு காலியாகுதுல்ல?”

“ஆகுது.”

“அப்ப நான் கிளம்பலாம்” என்றீர்கள்.

ஆம், அம்மையாரே, நீங்கள் கிளம்பலாம். நாளைக் காலையிலும் இந்த மேட்டில் விசில் ஒலிக்கும். பசித்த உடம்போடு ஒரு பெண் வந்து நின்றால், அவள் அழுதாலும் அவள் தந்தை அதட்டினாலும் தலைவரே குறுக்கிட்டாலும், அவளை ஓடுதளத்திலிருந்து இறக்கி அடுப்பங்கரையில் அமர்த்துவோம். பதக்கம் தவறினால் தவறட்டும். ஒரு பெண்ணின் எலும்பைக் கொடுத்து வாங்கும் எந்தப் பெருமையும் கெப்சிரோ முகாமுக்கு வேண்டாம். இதை வாழ்த்தாகச் சொல்லவில்லை, வாக்காகக் கொடுக்கிறோம்.

உண்ட உணவு உடம்பில் ஒட்ட, உறக்கம் ஆழமாய் அமைய, முழங்கால் நோவின்றி மேடு ஏறி இறங்க, உங்கள் பசுக்கள் மடி நிறைய, நீங்கள் நூறாண்டு நலமாய் வாழவேண்டும். இனி நீங்கள் யாருக்காகவும் விடியலில் எழவேண்டாம். எழுந்தாலும், முதலில் தேநீர் குடியுங்கள்.

என்றும் உங்கள் சொல்லில் நிற்கும்,
கெப்சிரோ ஓட்டப் பயிற்சி முகாமின்
சமையற்கட்டு, சலவை, காவல், ஓடுதளப் பணியாளர்களும்
ஓட்டக்காரர்கள் அனைவரும்