பின்னிருக்கையில் மூன்று பேர்

மத்தியானம் மூன்று மணி. ஆஸ்திரேலியப் பொட்டல்வெளியில் நல்லார்பர் சாலை. நாளைக்கு நாம் போகப்போகிற அதே நேர்சாலைதான்... நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது.

"பேய்னா ராத்திரி வரணும். மத்தியானம் வந்தா அது விருந்தாளி" என்கிறான் டக்ளஸ். சிரித்துக்கொள், டக்ளஸ். அந்தக் கட்டையை மட்டும் நெருப்புக்குள் தள்ளிவிடு.

இது என் தோழி பிரெண்டாவின் அக்கா ரோஸ்லினுக்கு நடந்தது.

ரோஸ்லினும் அவள் புருஷன் வேய்னும் நம்மைப் போலவே வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மூன்று பிள்ளைகளோடு, காருக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜெம்மாவுக்குப் பன்னிரண்டு வயது, ஹாமிஷுக்கு ஒன்பது, எல்சிக்கு ஆறு. காலையில் கேரவன் மேசையில் பள்ளிக்கூடம். வாத்தியார் ரோஸ்லின். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை... எட்டு மாதத்தில் ஒரு மணி நேரம்கூட அவள் தனியாக இருந்ததில்லை.

அன்று சாப்பிட நிறுத்திய இடத்தில் ஹாமிஷ் கணக்குத் தாளை முடிக்காமல் விளையாடிக்கொண்டிருந்தான்.

"நோர்ஸ்மன் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் உன் சத்தமே என் காதுல விழக் கூடாது" என்றாள் ரோஸ்லின்.

கிளம்பினார்கள். கொக்கி, சங்கிலி, படி எல்லாவற்றையும் வேய்ன் சரிபார்த்தான். ரோஸ்லின் காரில் ஏறி, கண்ணாடியில் பின்னிருக்கைத் தலைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் இருந்தவன் வெயிலுக்குத் துண்டைத் தலையோடு போர்த்தியிருந்தான்.

அமைதி.

பிறகு அவள் பிரெண்டாவிடம் சொன்னாளாம்: "திரும்பி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்டி. பேசினா கலைஞ்சிடுமோன்னு பயந்தேன். இவன் இப்படியே இருந்துட்டா எவ்வளவு நல்லாருக்கும்னு நெனச்சேன்."

அரை மணி கழித்து ரேடியோ கரகரத்தது. அந்தச் சாலையில் போகிற வண்டிகளெல்லாம் ஒரே அலைவரிசையில்தானே பேசிக்கொள்கின்றன? பின்னால் வந்த லாரிக்காரன்.

"யோவ், வெள்ளைக் கேரவன்! உன் பின்ஜன்னல்ல ஒரு பையன் கண்ணாடியத் தட்டிக்கிட்டிருக்கான்யா."

வேய்ன் சிரித்தான். ஓடும் கேரவனுக்குள் யாராவது பிள்ளையை விடுவார்களா? "நம்ம வானரம் மூணும் இங்கதாண்ணே இருக்கு. காயப்போட்ட சட்டை ஆடுதோ என்னவோ."

ரோஸ்லின் மறுபடி எண்ணினாள். மூன்று.

"அப்ப எனக்குத்தான் தூக்கம் கண்ணக் கட்டுது" என்று லாரிக்காரன் தாண்டிப் போய்விட்டான்.

இன்னும் அரை மணி. இப்போது ஒரு பெண் குரல், பின்னால் வந்த காரிலிருந்து.

"ஏம்மா... உங்க கேரவன்ல ஒரு பையன்... நெத்தியக் கண்ணாடியில வெச்சுச் சாஞ்சிருந்தான்... இப்ப கீழ சரிஞ்சிட்டான்."

ரோஸ்லின் கையைப் பின்னால் நீட்டினாள். "ஹாமிஷ்?" முழங்கால் தட்டுப்பட்டது. நாற்பத்து நாலு டிகிரி வெயிலில்... குளிர்ந்த முழங்கால். ஈர மண் வாடை.

"நிறுத்து! வேய்ன், நிறுத்து!"

கேரவன் கதவைத் திறந்ததும் சூளை மாதிரி அனல் அடித்தது. உருகிய பிளாஸ்டிக் நெடி, மூத்திர வாடை. தரையில் ஹாமிஷ். வியர்வைகூட நின்றுபோய், உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்தான். பக்கத்தில் கணக்குத் தாள். அம்மா சந்தோஷப்படட்டும் என்று யாருக்கும் தெரியாமல் ஏறி, எல்லாக் கணக்கையும் போட்டு முடித்திருந்தான்.

தண்ணீரை ஊற்றினாள். கன்னத்தில் அறைந்தாள். "சத்தம் போடுறா... கத்துடா ராஜா... என்னைத் திட்டுடா..."

போனில் சிக்னல் இல்லை; ரேடியோவும் பக்கத்து வண்டிகளுக்குத்தான் எட்டும். பின்னால் வந்த பெண் ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தாள். அக்குளில், கழுத்தில், தொடையில் ஐஸ். ஒரு நிமிடம்... இரண்டு... நான்கு. வாந்தி எடுத்தான். மூச்சு வந்தது.

படுக்கவைக்க அவனைத் தூக்கிக்கொண்டு தங்கள் காருக்கு ஓடினாள் ரோஸ்லின். பின்கதவைத் திறந்தாள். ஒரு ஜன்னலோரம் ஜெம்மா, காதில் பாட்டு. மறு ஜன்னலோரம் எல்சி, தூக்கம். நடுவில் அந்தத் துண்டு. இன்னும் தலை உயரத்தில். மூச்சு விடுவது போல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அதை விலக்கவில்லை. வேய்ன் இரண்டு பெண்களையும் வெளியே இழுத்தான். காரை, கேரவனை, எல்லாவற்றையும் சாலையோரத்தில் அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் காரில் ஒருவர் மேல் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டுமானால் தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டும். அந்தப் பெண் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாள்.

எல்சி மட்டும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அம்மா, அவன விட்டுட்டுப் போறோமே?"

ரோஸ்லின் திரும்பவில்லை. ஹாமிஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ கரகரத்தது. சாலையோரத்தில் விட்டுவந்த காரைத் தவிர, முன்னும் பின்னும் வேறு வண்டியே இல்லை.

"அம்மா..."

ஹாமிஷின் குரல்.

மடியில் கிடந்த ஹாமிஷின் வாய் மூடியிருந்தது.