சோறு ஆக்குனது யாரு?

எந்த எத்திராஜுன்னா கேக்குற? இன்னா ரகு, நெஜமாவே தெரியலியா? ஜோகுபாளையத்துல ஒரு ஸ்கூல் வாசல்ல முண்டாசு கட்டிக்கினு சிலையா நிக்கிறாரே, ஸ்கூல ஆரம்பிச்சவரு, அவரோட கொள்ளுப்பேரன்பா நானு. ஆமா, அதே மூக்கு. இந்த மூக்குக்கோசரமே வருஷா வருஷம் கூப்புட்டு மாலை போடுறாங்க.

நானும் ஒரே பேச்சத்தான் பேசுவேன். பசிச்ச பசங்களுக்கு வீட்லயே சோறு போட்டு, எழுத்து சொல்லிக் குடுத்த வள்ளல்னு ஆரம்பிச்சா, மைக்க புடுங்கினாத்தான் நிறுத்துவேன்.

இந்த வருஷம் ஜானகின்னு புதுசா ஒரு ஹிஸ்டரி மிஸ் வந்துக்குது. நம்ம ஏரியா சரித்திரத்த நம்ம ஏரியா பெரியவங்கள வெச்சே சொல்லித் தரேன்னுச்சு. பேஷ், பண்ணும்மான்னேன். போய்ப் பாத்தா, பெரியவர கூண்டுல ஏத்தி பசங்க கேள்வி கேக்குதுங்க! நாடகமாம். நம்ம கொள்ளுத்தாத்தா யாரு தெரியுமா? ஏழாங்கிளாஸ் ரூபினி. பஞ்சு மீச, குளிக்கிற துண்டுல முண்டாசு. சிலையவிட நல்லா மொறைக்குது.

ஒரு வாண்டு எந்திரிச்சு, ஐயா, சோறு போட்டீங்களே, ஆக்குனது யாருன்னுச்சு.

என் சம்சாரம்னுச்சு ரூபினி.

அவங்க பேரு?

மீச பாதி தொங்கிப்போச்சு. அதுக்கெல்லாம் அசருதா அது? கொத்தில்லா, எனக்குத் தெரியாது, அதோ மொத வரிசையில என் கொள்ளுப்பேரன் குந்திக்கினு இருக்கான், அவனக் கேளுங்கன்னு கைய நீட்டிடுச்சு. மொத்த ஹாலும் என் பக்கம் திரும்பிச்சு.

சிரிக்காதப்பா. கழுத்துல மாலையோட எந்திரிச்சு நின்னேன். எனக்கே அந்தப் பேரு தெரியாதே. மிஸ்ஸு மேல செம கோவம். வெளிய வந்து சந்தாபுரா அத்த, ஆனேக்கல் பெரியப்பான்னு ஒருத்தர் விடாம போன் போட்டேன். எல்லாம் ஒரே பதிலு. பெரியம்மான்னுதான் சொல்லுவாங்க, பேரு யாருக்குப்பா தெரியும்றாங்க. அதோட கோவமும் போயிடுச்சு.

அதான் உன்னாண்ட வந்தேன். சிலைக்குப் பக்கத்துல வைக்க ஒரு கல்லு வெட்டிக் குடு. இந்த ஸ்கூலுக்கு மொத சோறு ஆக்கிப் போட்டவர்னு எழுது. மேல பேருக்கு எடம் உட்டுடு. பசங்க தேடிக்கினு இருக்குதுங்க, நானும் கூட அலையறேன். கெடைச்சதும் வந்து வெட்டலாம்.

எவ்ளோ எடமா?

தாராளமா உடுப்பா. நீளமான பேராக்கூட இருந்திருக்கும்.