பாதிப் பாதி மாத்திரை

13.2.2025, வியாழன். வழக்கம்போல் காலை 7.40க்கு மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் இருவர், குடல்புண்ணுக்கான புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள், மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சியில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் மாவு மாத்திரையும் தருவார்கள்; யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள்.

"எனுக்கு ரத்தம் போறது நின்னுடுச்சி மச்சான். என் டப்பால இருந்ததுதான் நெஜ மருந்து. உன்னுது வெறும் மாவு மாத்திர."

"என்னுது, உன்னுதுன்னு இன்னா? ரெண்டு டப்பாவையும் ஒண்ணா கொட்டி, பாதிப் பாதி பிரிச்சி வச்சதே நான்தான்."

"அடப்பாவி! ஏன்டா?"

"ஒரே வூட்ல ஒருத்தன் மட்டும் மாவு துன்னுகினு இருக்கணுமா?"

"டாக்டரம்மாகிட்ட இன்னா சொல்றது?"

"சொன்னா ரெண்டு பேரையும் கழட்டி வுட்டுடும். கம்முனு இரு. உனுக்குதான் நின்னுடுச்சில்ல?"

"உனுக்கு?"

"நிக்கல."



"அப்ப நானே சொல்லிடறேன் மச்சான்."

மறுநாள் காலை எழுந்ததும், ஒரே டப்பாவில் கிடந்த என் மாத்திரைகளையும் மனைவியின் மாத்திரைகளையும் முதலில் தனித்தனியாகப் பிரித்து வைத்தேன்.