போளூர் பஸ்ஸில் ஓர் அணில்

ஆரணியிலிருந்து போளூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நடுவயதுப் பெண்கள் இருவர், அக்காவும் தங்கையும். அக்காவின் மடியில் ஓர் எலிக்கூண்டு. உள்ளே அணில்.

“அணில ஊரு கடத்துற ஆளு நீ ஒருத்தி தான்க்கா,” என்றாள் தங்கை.

“கொய்யாவுல ஒரு பிஞ்சு விடல, பேஜாராப் போச்சு. போளூர்ல விட்டா திரும்பி வராது.”

“சின்ன வயசுல நாம வளத்த அணிலு, சின்னு மட்டும் சும்மாவா இருந்துது? அப்பாவோட பட்டு நூலயே கடிச்சி வெக்கும். அப்புறம் தறிக்குழியில பூந்துகினு தூங்கும்.”

“அத மிதிச்சிடக் கூடாதுன்னு, குழியில கால விடறதுக்கு முன்னாடி அப்பா பலகைய தட்டுவாரு.”

“சின்னு செத்தப்புறமும் தட்டினாரேக்கா.”

“கடைசியா நெய்யற வரிக்கும் தட்டினாரு.”

இருவரும் சிரித்தார்கள். தங்கை கூண்டைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

“யக்கா, வயித்தப் பாரு. பால் குடுத்துகினு இருக்கற அணிலு.”

அக்காவும் குனிந்து பார்த்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

“கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க.”

“போளூருக்குத் தானம்மா டிக்கெட் எடுத்தீங்க?”

“குட்டிங்க ஆரணியில இருக்குதுங்க.”